கட்டைவிரலில் திறக்கும் பை

கலீலுல்லாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை நீட்டினால் சுவர் தட்டும் தாராவி வீடு. அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

தோல்பை தைக்கும் கார்கானாப் பட்டறையில் புதுப் பைகளுக்கு மாதிரி தைப்பவர் அவர். கூட்ட பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலாலேயே திறந்துகொள்ளும்படி ஒரு பை தைத்துக் கொடுத்தார். அது ஊரெல்லாம் விற்றுத் தீர்ந்தது. முதலாளி சேட்டோ, "குளிக்கும்போது எனக்குத் தோன்றியது" என்று டிவி டிவியாகச் சொல்லியே பெரிய ஆளாகிவிட்டார். கேட்கக் கேட்க இவருக்கு வயிறு எரிந்தது.

நாளைக்குக் கார்கானாவுக்கே கேமரா வருகிறது. ஒரு தொழிலாளி பேச வேண்டுமாம். சேட்டு இவரைத்தான் கைகாட்டியிருந்தார்.

"வேல போனாப் போவுது சபுரா! பை எம் மூளையில உதிச்சதுன்னு போட்டு உடைச்சிருவேன்."

மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"ஆண்டாப் ஹில் பஸ்ல தெனமும் தொங்கிட்டுப் போறது நீங்களா மச்சான்? பழைய பையப் பிரிச்சு, மூடியத் திருப்பித் தச்சுக் காட்டுனது யாரு? சேட்டுகிட்ட யாரு பேரச் சொன்னீய?"

கலீலுல்லாவின் நடை நின்றது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். சேட்டு செய்தது திருட்டென்றால் இவர் செய்ததற்கு என்ன பெயர்? வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் சேட்டு அவர் தோளில் கைபோட்டுச் சிரித்தபடி நின்றார். யாருடைய யோசனை என்று மைக் பிடித்த பெண் இந்தியில் கேட்டாள். கலீலுல்லா ஒருமுறை சேட்டைப் பார்த்தார். பிறகு சொல்லியேவிட்டார்: யோசனை என் மனைவி சபுராவுடையது, தைத்தது நான்.

சேட்டின் சிரிப்பு மாறவில்லை. தோளில் இருந்த கை மட்டும் விலகியது.

சாயங்காலம் அந்த வீடியோ செல்போனுக்கு வந்தது. கலீலுல்லா வாயைத் திறந்து பேசுகிறார். கேட்பதோ சேட்டின் குரல். தொழிலாளிகள் எல்லாரும் என் குடும்பம் என்கிறது அது.

"சொன்னேன் புள்ள. அல்லா மேல சத்தியமாச் சொன்னேன்."

நாளைக்கு வேலை இருக்குமோ, என்னவோ. மறுபடி நடக்க ஆரம்பித்தார். சபுரா வீடியோவைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இந்தா, இங்கன பாருங்க மச்சான், 'பு'ன்னு ஒதடு குவியுது. இது எம் பேருதான்."