நின்ற பிறகு இடிக்கும் லாரி

தண்ணி லாரி ஓட்டுகிறவனுக்கு எதிரில் வருகிற வண்டியைவிட, முதுகுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்மேல்தான் பயம் அதிகம்.

பாதி லோடு

நிரம்பிய டேங்க் சாது. பாதி டேங்க்தான் பொல்லாதது. பிரேக் அடித்தால் லாரி நிற்கும், தண்ணீர் நிற்காது. வந்த வேகத்தோடு முன்தகட்டில் மோதி, நின்ற லாரியை இன்னொரு தடவை தள்ளும். அதை மறிக்க உள்ளே தடுப்புத் தகடுகள் உண்டு. என் வண்டியில் துருப்பிடித்து விழுந்துவிட்டன. ஓனர் 'பார்க்கலாம்' என்கிறார்.

கோவில்பதாகையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் சங்கச் செயலாளர் மதுரைப் பக்கத்துக்காரர். பாதி இறக்கியதுமே தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டி நிரம்பிவிட, மீதியை அடுத்த தெரு பிளாக்குக்குக் கொண்டுபோகச் சொன்னார். நடுவில் பள்ளிக்கூடம் இருக்கே என்று இழுத்தேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பாதிப் பாரம் கொறைஞ்சிருச்சுல்லண்ணே, இனி அலுங்காமப் போகலாம்."

ஒரு முழம்

பள்ளி வாசலில் இடம் விட்டுத்தான் வந்தேன். நாம் இடம் விட்டால் அதில் ஒரு ஸ்கூட்டர் நுழையும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நுழைந்தது. பின்சீட்டில் ஒரு சின்னப் பெண், என்னைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா சட்டென்று நிறுத்தினார். நானும் மிதித்தேன். ஒரு முழம் மிச்சம் வைத்து லாரி நின்றது.

மூச்சு விட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து தொம்மென்று வந்தது. ரோட்டில் மணல் வேறு. டயர் வழுக்கி, பம்பர் போய் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டை மடக்கியது. பிள்ளை காலைத் தூக்கிக்கொண்டதால் தப்பித்தது. இறங்கிப்போய், தண்ணீர் செய்த வேலையைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. புரியாமல் கேட்டார்: "நின்னுட்டு, அப்பால இன்னாத்துக்கு நைனா இடிக்கிற?"

மறுநாள்

மறுநாளும் பாதிதான். மாட்டேன் என்றேன். அந்த பிளாக்கில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், குழாயில் சொட்டு இல்லை என்றார் செயலாளர். எடுத்தேன். பள்ளி தெரியும்போதே முதல் கியர். நடந்துபோகிறவர்கள் என்னை முந்தினார்கள். பின்னால் ஆட்டோக்காரன், "பெருசு, லாரி ஓட்றியா, தேரு இழுக்கிறியா?" என்றான்.

வாசலில் அதே ஸ்கூட்டர், அதே மடங்கின பிளேட். அப்பாவும் மகளும் ரோட்டைக் கடக்க நின்றார்கள். நிறுத்தினேன். மற்றவர்கள் கடந்தார்கள், அவர் மட்டும் பிள்ளையின் கையை இறுக்கிக்கொண்டு அசையவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "லாரி நின்னுச்சு, தெரீது. தண்ணி நின்னுச்சா நைனா?"

அன்றிலிருந்து வீட்டுக்குப் போகையில், நான் இறங்கவேண்டிய வேப்பம்பட்டில் ரயில் நின்ற பிறகும் அடுத்த தள்ளு வருமென்று கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்து, அடுத்த ஸ்டேஷன் செவ்வாப்பேட்டையில் இறங்கித் திரும்பி வருகிறேன்.