லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

இருபத்தேழு வருடமாகப் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன். புது மொழி எது வந்தாலும் ஆன்லைன் வகுப்பில் முதல் ஆளாகச் சேர்ந்துவிடுவேன். இதுவரை பதினோரு மொழிகளில் முதல் பாடம் முடித்திருக்கிறேன். இரண்டாம் பாடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

போன வருடம் கம்பெனியில் ஒரு புது மொழிக்கு ஆன்லைன் தேர்வு வைத்தார்கள். தேறாவிட்டால் வேலையே சந்தேகம். கள்ளக்குறிச்சி வீட்டில் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கிற ஐம்பது வயதுக்காரனை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? பயம்தான். ஆனாலும் படிக்கவில்லை. கல்வராயன் மலைப்பக்கம் மேகம் கூடினால் எங்கள் தெருவில் இணையம் படுத்துவிடும். அந்த மேகத்தைச் சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

தேர்வு நாளை நாமே எடுத்துக்கொள்ளலாம். விஜயதசமி காலையைப் பிடித்தேன். அன்று தொடங்கினால் துலங்குமாம். முந்தின நாள் சரஸ்வதி பூஜை, புத்தகத்தைத் தொடக்கூடாது. கோயில் பக்கமே போகாத நான் அந்த ஒரு விதியை மட்டும் சுத்தபத்தமாகக் கடைப்பிடித்தேன். பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். திரைக்கு மேலே, நெற்றி இருக்கவேண்டிய இடத்தில், மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள்.

மறுநாள் தேர்வைத் திறந்தால், எழுதுகிற ஆளைக் கேமரா வழியாகக் கண்காணிக்கிற மென்பொருள், முகம் தெரியவில்லை என்றது. கேமராவை அணைத்துத் திரும்பப் போட்டேன். அந்த மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். உதவி மையத்துக்கு மூன்று பத்தி எழுதினேன். ஒரு மணி நேரத் தேர்வில் இருபது நிமிடம் போய்விட்டது. என் புலம்பல் கேட்டு மனைவி வந்தாள்.

"இன்னாங்க, பொட்டத் தொடைக்கவே இல்லியா?" என்று முந்தானையால் கேமராவைத் துடைத்தாள். முகம் வந்தது.

தேறவில்லை. ஒரு மாதத்தில் மறுதேர்வு, அதுவே கடைசி என்றார்கள். பொட்டால் போச்சு என்று மைத்துனர் முதல் பால்காரர் வரை சொல்லித் தீர்த்தேன். ஒரு நாள் மனைவி, "எல்லாம் என்னாலதான்" என்று கண் கலங்கினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உண்மையைச் சொன்னேன். மீதி இருந்த நாற்பது நிமிடத்தில் பத்து நிமிடத்துக்குத்தான் எனக்கு எழுதத் தெரிந்தது. பாக்கி அரை மணி நேரம் கேமராவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அவள் உள்ளே போனாள். லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டாவது பாடத்தத் தொறங்க. நான் இங்கயே குந்திக்கினு பாக்கறேன்."

ஜன்னல் வழியாக மலைப்பக்கம் பார்த்தேன். பொட்டு மேகம்கூட இல்லை.