கபடித் திடலில் நான் கட்டிய கயிறு

ஐயா, அம்மையீர், வணக்கம்.

சென்ற பொங்கலன்று எங்கள் ஜவ்வாது மலையில் நடந்த கபடிப் போட்டியைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் மோதின. இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். முந்தைய ஆண்டு பார்வையாளர்களுக்குள் கைகலப்பு நேர்ந்திருந்தது. ஆகவே பாதுகாப்புப் பொறுப்பேற்ற நான், ஊருக்கொரு பக்கம் ஒதுக்கி இடையே கயிறு கட்டினேன்.

கடைசி நேரத்தில் நடுவர் ஒரு புள்ளியைப் பக்கத்து ஊருக்கு அளித்தார். எங்கள் ஆட்கள் கல்லெடுத்தார்கள், எதிர்ப்புறமும் அவ்வாறே. ஒலிபெருக்கியில் நான் கெஞ்சியதை எவரும் செவிமடுக்கவில்லை.

அப்பொழுது, பக்கத்து ஊரில் பிறந்து எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட பெண்ணொருத்தி, கைக்குழந்தையோடு கயிற்றைத் தூக்கிக் குனிந்து சென்று, தன் அண்ணனருகே அமர்ந்தாள்.

“ஏய், அங்க இன்னாத்துக்குப் போன? எழுந்து வா!” என்று கல்லும் கையுமாக நின்ற அவள் கணவன் கத்தினான்.

“நீ போடு மாமா! உன் மச்சான் மண்ட இங்கதான் கீது. நேத்து பொங்க சீர் தூக்கினு வந்த மண்ட!”

யாரோ சிரித்துவிட்டார்கள். இருபுறமும் மேலும் சில பெண்கள் கயிற்றைத் தாண்டினார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. மீதி ஆட்டத்தை எல்லோரும் கலந்தமர்ந்தே பார்த்தார்கள்.

எனக்கோ இன்றும் குழப்பம் தீரவில்லை. கயிறு இல்லாதபோது கைகலந்தவர்கள், கயிறு கட்டியதும் கல்லெடுத்தார்கள். உறவினரைப் பிரித்து வைத்து நான் காத்தேனா, குறிபார்க்க வசதி செய்து கொடுத்தேனா? வரும் போட்டிக்கும் என்னையே பொறுப்பாளராக்கியுள்ளார்கள். கயிறு வீட்டில் சுருண்டு கிடக்கிறது. கட்டுவதா, வேண்டாமா என்று தெரியவில்லை.

எனக்குப் பின் வருபவருக்கேனும் தெளிவு பிறக்கக்கூடும். ஆகவே இக்கடிதத்தை உங்கள் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.