தொடாத கம்பியின் பாட்டு

மைக் செட் தொழிலில் இரண்டு பயம் உண்டு: ஒன்று மழை, இன்னொன்று கூவல். மழைக்காவது தார்ப்பாய் இருக்கிறது. கல்யாண வீட்டில் யாராவது மைக்கைப் பிடித்ததும் "கூஊஊ" என்று செட்டு அலற, காதைப் பொத்திக்கொண்டு மைக் செட்காரனை முறைத்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த முறைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டவன் நான்.

தாய்மாமன் வாழ்த்த வந்தார்

தேவிபட்டினத்தில் ஒரு கல்யாணம். வாழ்த்த வந்த தாய்மாமன் மைக்கோடு நேராக என் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு முன்னால் போய் நின்றார். பாக்ஸில் வரும் சத்தம் மைக்குக்குள் போய், திரும்பப் பாக்ஸுக்கு வந்து, பெருத்துக்கொண்டே போவதுதான் கூவல். "மணமக்கள்" என்பார், கூவும். நிறுத்துவார், அடங்கும். மூன்றாவது தடவை மைக்கை என்னிடமே நீட்டிவிட்டார்.

"தம்பி, ஒங்க செட்டுக்கு இந்தச் சம்பந்தத்துல இஷ்டமில்ல போல. என்னன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

கையை எடுத்த பிறகும்

நான் செட்டு வைக்கும் இன்னிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவள் ஜெனி, தங்கச்சிமடத்துப் பெண். அவள் கிட்டார் ஒயர் என் மிக்சருக்கு வந்து, அவள் காலடியில் இருக்கும் பாக்ஸில் ஒலிக்கும். ஒருநாள் ஒத்திகையில் அவள் பாக்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றாள். செட்டு கூவத் தொடங்கியது. வால்யூமைக் குறைக்கப் பாய்ந்தேன். "இருங்கண்ணே" என்றாள்.

ஒரு கம்பியை ஒரே ஒரு தடவைதான் மீட்டியிருந்தாள். சத்தம் அடங்கவே இல்லை. பாக்ஸின் அதிர்வு கம்பியை ஆட்ட, கம்பி பாக்ஸை ஒலிக்க வைக்க, சுரம் நின்றுகொண்டே இருந்தது. அரை அடி நகர்ந்தாள். அது மெலிந்து உயரே ஏறியது. எத்தனை வருடமாக இந்தச் சத்தத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தேன்! புல்லரித்துப்போய் நின்றேன்.

"கையை எடுத்துட்டேன், பாருங்கண்ணே. தானாப் பாடுது."

முதுகுளத்தூர் ஆடுகள்

எனக்குப் புல்லரித்தால் ஆட்டுக்கும் புல்லரிக்க வேண்டும் என்று சட்டமில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கோயில் விழாவில் ஜெனி அதைச் செய்து பார்க்க, சுரம் பிடிபடாமல் கிறீச்சிட்டது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த கிடாய்கள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. விழாக் கமிட்டி முழுவதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. குழுவை நடத்தும் சவரி மாஸ்டர் ஜெனியைக் கூப்பிட்டார்.

"இன்னொரு தடவை கூவுச்சுன்னா நீ வர வேணாம்மா. குமார் கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு."

அவள் ஊர்த் திருவிழா

அடுத்த நிகழ்ச்சி ஜெனியின் ஊரிலேயே, மாதா கோயில் திருவிழாவில். மேடை ஏறுமுன் என்னிடம் வந்தாள். "கடைசிப் பாட்டு முடியுறப்ப குறைச்சிராதீங்கண்ணே. போறதுன்னா எங்கூரு இதைக் கேட்ட பெறகு போறேன்." கை பழக்கதோஷத்தில் குறைத்துவிட்டால் அவள் ஆசை கெட்டது. குறைக்காமல் கிறீச்சிட்டால் அவள் வேலை போனது.

கடைசிப் பாட்டு முடிந்து மற்ற வாத்தியங்கள் ஓய்ந்தன. ஜெனி பாக்ஸைப் பார்த்துத் திரும்பி, ஒரு கம்பியை மீட்டிக் கையை எடுத்தாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். கூவல் புறப்பட்டது. மாஸ்டர் என்னை முறைத்தார். ஜெனி மெல்ல முன்னால் சாய, அது கனத்து, தெளிந்து, ஒரே சுரமாக நின்றது. கடல் காற்றில் கொஞ்சம் அசைந்தது, உடையவில்லை. சங்கு ஊதுகிறவனுக்குக்கூட ஒரு கட்டத்தில் மூச்சு முட்டும். இதற்கு மூச்சே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குக் கிளம்ப எழுந்த சனம் அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உள்ளங்கையால் கம்பியை மூடியபோது கடல் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டர் குமார் பக்கம் திரும்பினார்.

"ஏலே குமாரு, இது ஒன் கீபோர்டுல எந்தக் கட்டையில இருக்கு? இல்லேல்ல? அப்ப அந்தப் புள்ள இருக்கட்டும்."

இத்தனை வருடத் தொழிலில் நான் செய்த உருப்படியான காரியம் எதுவென்று கேட்டால், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றதுதான்.