இருசம்மாள் காயவைத்த மருந்து

கோட்டையில் உலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், கொடி பறந்த காலம் அது. சாதிக்காயும் கிராம்பும் பச்சைக்கற்பூரமும் கப்பல் கப்பலாகப் பழவேற்காட்டில் வந்து இறங்கின. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் கிடந்த குப்பத்துக்கு அத்தனையிலும் கிடைத்தது ஒரு சாடி கற்பூர மாத்திரைதான். அந்தச் சாடி இருசம்மாளின் பொறுப்பில் இருந்தது.

ஐப்பசியில் வாடைக்காற்று கிளம்பிவிட்டால் ஏரியில் தோணி விட முடியாது. அக்கரைக் கடைத்தெரு கண்ணுக்குத் தெரியும், போய்ச் சேரத்தான் வழியில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வாந்திபேதியும் வந்து தொலைக்கும். அதனால் குப்பத்தார் கௌஸ் மைதீன் மரைக்காயர் கடையில் முன்கூட்டியே மாத்திரை வாங்கிச் சேர்த்து வைப்பார்கள். ஒரு வருஷம் சாடிக்குள் ஈரம் இறங்கி எல்லாம் பூசணம் பிடித்துவிட்டது. அது தெரியவந்தது, இருசம்மாளின் புருஷன் துளசிங்கம் பேதியில் சுருண்டு கிடந்தபோது. அவன் போனபிறகு அவளே முன்வந்து, "இனிமே அது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சாடியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு பொருளைக் கெடாமல் வைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. விவரம் தெரிந்த நாளிலிருந்து கருவாடு போட்டவள். ஈரம் போய்விட்டால் எதுவும் கெடாது. மீனானால் என்ன, மருந்தானால் என்ன? வெயில் ஏறிய நாளெல்லாம் மாத்திரைகளை ஓலைப்பாயில் பரப்பிவிட்டு, காக்கை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். கற்பூரம் குப்பம் முழுக்க மணக்கும். "இருசம்மா மருந்துனா மருந்துதான்! இன்னா வாசனை!" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் மூக்கை உறிஞ்சுவார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடாது. சும்மா சொல்லக்கூடாது, கோட்டைக் கிடங்குக்குக்கூட அப்படி ஒரு காவல் இருந்திருக்காது.

நல்ல காலம், சில வருஷம் நோய் எட்டிப் பார்க்கவில்லை. பழசைக் கொட்டிவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று பேச்சு வந்தபோதெல்லாம் இருசம்மாள்தான் தடுத்தாள். "வாங்கினப்போ இருந்தமாரியே கீது, பாருங்க" என்று சாடியைத் திறந்து காட்டினாள். பூசணமில்லை, பூச்சியில்லை, ஒவ்வொன்றும் கல் மாதிரி இருந்தது. சரியென்று விட்டுவிட்டார்கள். வாசனை எப்போது நின்றது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. பாழாய்ப்போன கண்ணை நம்பினார்கள்.

பிறகு ஒரு வருஷம் மழை விடாமல் கொட்டி, ஏரி கரை தெரியாமல் பெருகியது. முதலில் பவுனம்மாளின் புருஷன் விழுந்தான். இருசம்மாள் ஓடிப்போய் மாத்திரையை வெந்நீரில் கரைத்துப் புகட்டினாள். கேட்கவில்லை. அடுத்த வீட்டிலும் கேட்கவில்லை. பிறகு அவளுடைய ஒரே மகள் தேவகியும் படுத்தாள்.

"எம்மா, இதுல காரமே இல்லியே" என்றாள் தேவகி, இரண்டாவது மாத்திரையை விழுங்க முடியாமல் விழுங்கி.

இருசம்மாள் ஒன்றை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள். வெறும் மாவு. ஆனாலும் வேறு என்ன இருக்கிறது கொடுக்க? இருந்ததை எல்லாம் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் தேவகி போய்விட்டாள்.

காற்று அடங்கியதும் இருசம்மாள் முதல் தோணியில் அக்கரைக்குப் போய், சாடியில் ஒட்டிக்கிடந்த துண்டுகளை மரைக்காயர் முன்னால் கொட்டினாள். அவர் முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இத எப்படிம்மா வெச்சிருந்தே?"

"வெயில்ல காயவெச்சேன் மரைக்காயரே. ஒரு நாளும் தவறினதில்ல."

"ஐயோ தங்கச்சி! கற்பூரத்த வெயில்ல வெச்சா காத்தோட பூடுமே. மெழுகு வெச்சு மூடி, நெழல்லயே வெச்சிருக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக்கூடாதா?"

குப்பமே மணந்தது எதனால் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவ்வளவு காலமும் பக்கத்தில் உட்கார்ந்து காக்கையை விரட்டியவள், மருந்தையே விரட்டியிருக்கிறாள். அழக்கூட வரவில்லை அவளுக்கு.

சாமி குத்தம் என்று பேசிக் குப்பத்தார் கூடியிருந்தபோது போய் நின்று, "சாமி கொல்லல. நான்தான் கொன்னேன். வெயில்ல வெச்சு வெச்சு மருந்த சாகடிச்சேன்" என்றாள். ஒருவராவது காறித் துப்பியிருக்கலாம். அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"பெத்த பொண்ணப் பறிகுடுத்தவ, துக்கத்துல என்னான்னா பேசுது பாரு" என்று தலைவர் திருவேங்கடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் மருந்து இல்லாங்காட்டி மிச்சம் பேரும் போயிருப்போம், தங்கச்சி."

தாலி அறுத்த பவுனம்மாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். குப்பத்துக்காக அன்று காலைதான் வாங்கி வந்திருந்த புது மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து இருசம்மாள் கையிலேயே வைத்தாள்.

"உன்ன வுட்டா வேற யாரு இத பாத்துப்பாங்கக்கா?"