அமெரிக்கக் கம்பனி எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாள்

என் மகள் வேலைக்குப் போன அமெரிக்கத் தொலைக்காட்சிக் கம்பனியைப் பற்றி நான் விசாரித்த அளவுக்கு, என்னைப் பற்றி என் மாமனார் விசாரித்திருந்தால் எனக்குக் கல்யாணமே நடந்திராது.

கம்பனி ஒரு துப்பறியும் தொடர் எடுக்க ஒஸ்லோவுக்கு வந்திருந்தது. படப்பிடிப்புக்கு இடம் தேடிக் கொடுப்பது மகளின் வேலை. சோதனைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். நிரந்தரமாக்குவார்களா, கைகுலுக்கி அனுப்பிவிடுவார்களா என்பது அவளுக்கும் தெரியாது. அவள் நித்திரை கொள்வதில்லை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஆகவே நான் கம்பனியின் குலம் கோத்திரம் தேடப் புறப்பட்டேன்.

மூலவர் வானொலிக்கு விளம்பரம் எழுதியவர். தொலைக்காட்சி வந்ததும் கேள்வி பதில் போட்டிகளில் இறங்கினார். அடுத்த தலைமுறை வக்கீல் தொடர்கள் எடுத்தது. அதற்கடுத்தது வைத்தியசாலைத் தொடர்கள். பிறகு ஒரு பெரிய கம்பனி அதை வாங்கியது, அந்தப் பெரியதை அதைவிடப் பெரியது வாங்கியது. நடுவில் சகோதரர்களுக்குள் ஒரு வழக்கு. இதுவரை எல்லாம் நல்ல குடும்பங்களில் நடப்பதுதான்.

வியாபாரம்தான் என்னைக் கலக்கியது. ஒளிபரப்புகிறவர்கள் கொடுத்த காசில் தொடரை எடுத்து முடிக்க முடியாதாம். துண்டு விழுவதைக் கம்பனி தன் கையால் போடும். அநேகமான தொடர்கள் படுத்துவிடும். தப்பித்த ஒன்று வருடக்கணக்காக மறு ஒளிபரப்பாகி, ஊர் ஊராக விற்பனையாகி, படுத்தவைக்கெல்லாம் சோறு போடும். ஒரு பிள்ளை வெளிநாடு போய் முழுக் குடும்பத்தையும் இழுக்கும் இந்த முறையை நாங்கள் அறியாதவர்களா? ஆனால் இப்போது இணையத்தில் காட்டுகிற கம்பனிகள் முழுக்காசையும் முதலே கொடுத்துவிட்டு, உரிமையையும் எழுதி வாங்கிவிடுகின்றன. அதாவது பிள்ளைகள் இருந்து சாப்பிட முதுசம் கிடையாது. அதனால்தான் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும் நாடுகளாகப் பார்த்துப் போகிறார்கள். நோர்வே கொடுக்கிறது. போதாததற்குப் பனியும் இலவசம்.

இதை நான் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்த மாலையில்தான் அவள் குறுக்கிட்டாள்.

“அப்பா, அவையள் எங்கடை வீட்டை எடுத்திருக்கினம்.”

“வாங்கவோ?”

“இல்லையப்பா, படம் எடுக்க. டாக்ஸி ஓட்டுற தமிழ் ஆளின்ரை வீடு வேணுமாம். ரொம்சோஸ் அடுக்குமாடியில எங்கடை வீடு இருக்கெண்டு நான்தான் காட்டினனான்.”

“நான் டாக்ஸியே ஓட்டுறன்? கந்தோரில எல்லோ வேலை செய்யிறன்?”

“வீடுதான் நடிக்கும். நீங்கள் பேசாமல் இருந்தால் காணும்.”

மார்கழி மாதத்து ஒரு காலையில் வந்து இறங்கினார்கள். சப்பாத்துக்கு மேல் நீல நிறப் பிளாஸ்டிக் உறை மாட்டிய ஒரு படையே எங்கள் வரவேற்பறையில் நின்றது. டாக்ஸிக்காரர் வீட்டில் இவ்வளவு புத்தகம் இருக்காது என்று என் அலுமாரியை மாடிப்படிக்குத் தூக்கிப் போனார்கள். ஒஸ்லோவில் டாக்ஸி ஓட்டும் என் நண்பர்கள் இருவர் என்னைவிட அதிகம் வாசித்தவர்கள். ஆனாலும் அமெரிக்காவோடு வாதாடி என்ன பயன்?

காட்சி இதுதான்: அமெரிக்கத் துப்பறிவாளர் டாக்ஸிக்காரர் வீட்டு மேசையில் அமர்ந்து, சாப்பிட்டபடியே அவரை விசாரிப்பார். ஜன்னலுக்கு வெளியே பனி தெரிய வேண்டும். பகல் வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டும். மார்கழியில் மூன்று மணிக்குப் பிறகும் சூரியனை எதிர்பார்ப்பவர் ஒஸ்லோவுக்குப் புதிதாக வந்தவராக இருப்பார்.

முதல் தடங்கல் சாப்பாட்டில் வந்தது. கம்பனி கொண்டுவந்த தட்டில் மஞ்சள் சோறும் அதன்மேல் திராட்சை வற்றலும் இருந்தன. என் மனைவி அதைப் பார்த்த பார்வையில் விளக்குப் பிடித்தவர் பின்வாங்கினார்.

“இதென்ன பிள்ளை? இதை என்ரை மேசையில வைச்சு உலகம் முழுக்கக் காட்டப் போறியளோ? லில்லெஸ்ட்ரோமில இருக்கிற தங்கச்சி பார்த்தாளெண்டால் என்ன நினைப்பாள்?”

மகள் இயக்குநரிடம் போனாள். இயக்குநர் ஒரு மெல்லிய அமெரிக்கப் பெண்மணி. அம்மாவே சமைப்பார், பொறுப்பு என்னுடையது என்று மகள் சொன்னது என் காதில் விழுந்தது. பொறுப்பு என்பது சோதனைக்காலத்தில் எடுக்கிற சொல்லா?

நடிகர்கள் சாப்பிடுவதுபோல் நடித்துவிட்டு வாளியில் துப்பிவிடுவார்களாம். மேசைக்குக் கீழே ஒரு வாளியும் வைத்திருந்தார்கள். துப்பறிவாளராக நடித்தவர், ஆறடிக்கு மேல் உயரமான மனிதர், கத்தரிக்காய்ப் பால்கறியை ஒரு வாய் வைத்தார். பிறகு வாளியைக் காலால் அப்பால் தள்ளிவிட்டார்.

ஒரே காட்சியைப் பல பக்கங்களிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துப் பிறகு வெட்டி ஒட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் தட்டு ஒரே மாதிரி இருக்க வேண்டும். இதைப் பார்க்கவே ஒரு நோர்வீஜியப் பெண் கையில் புகைப்படங்களோடு நின்றாள். அவள் தட்டைச் சரிபார்த்துவிட்டு, கமராவில் விழுவதைக் காட்டும் சின்னத் திரையடிக்குப் போவாள். குசினிக் கதவால் என் மனைவி வருவாள். அரைத்தட்டோடு ஒரு மனிதர் காத்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஒரு கரண்டி பருப்பு, ஒரு துண்டு மீன், உடைந்த அப்பளத்துக்குப் பதிலாக முழு அப்பளம்.

மதியம் கடந்துதான் எடுத்தவற்றை இயக்குநர் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். துப்பறிவாளர் சாப்பிடச் சாப்பிடத் தட்டு தானாக நிரம்பியது. அப்பளம் உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. தட்டில் கைவைத்தது யார் என்று அவர் கேட்டார். எல்லோரும் மகளைப் பார்த்தார்கள்.

அவள் குசினிக்குள் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அம்மா, தட்டைத் தொடாதேங்கோ எண்டு சொன்னனான் எல்லோ?”

“வெறுந்தட்டோடை ஒரு மனுசன் இருக்கேக்கை பார்த்துக்கொண்டு நிக்க நான் என்ன மரமே?”

“என்ரை வேலை போகப் போகுதம்மா.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். விருந்தாளி இருக்கும்போது அவள் கரண்டியைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை.

மகள் அந்தக் கரண்டியைப் பார்த்தாள். பிறகு விறுவிறென்று இயக்குநரிடம் போனாள். “அம்மாவைக் காட்சிக்குள் விடுங்கள். எங்கள் வீடுகளில் விருந்தாளி விசாரிக்க வந்தாலும் இப்படித்தான் நடக்கும். அவர் ஒரு கேள்வி கேட்பார், அம்மா ஒரு கரண்டி போடுவார்.” இயக்குநர் ஜன்னலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சம்மதித்தார்.

“இந்த உடுப்போடையோ?” என்றாள் மனைவி.

“அம்மா, வெளிச்சம் போகுது!”

“போகட்டும். நான் சீலை மாத்தாமல் வரமாட்டன்.”

மாற்றிக்கொண்டு வந்தாள். கமரா ஓடத் தொடங்கியது. காலையிலிருந்து யாராலும் தடுக்க முடியாதிருந்தவள், இப்போது பரிமாறச் சொன்னதும் கரண்டியோடு கல்லாய் நின்றாள். டாக்ஸிக்காரராக நடித்தவர் தன் வசனத்தை இரண்டாம் முறையும் சொல்லிப் பார்த்தார். ஜன்னலில் பனி நீலமாகிக்கொண்டிருந்தது. மகள் சுவரோடு ஒட்டி நின்று நகம் கடித்தாள்.

துப்பறிவாளருக்கு உண்மையிலேயே வயிறு நிரம்பிவிட்டது. மகளிடம் காலையில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல்லை, தட்டின்மேல் கையை விரித்து, அவர் சொன்னார்: “போதும்.”

மனைவி விழித்துக்கொண்டாள்.

“என்ன போதும்? என்னத்தைச் சாப்பிட்டனீங்கள்? கையை எடுங்கோ!”

கையை விலக்கிச் சோறு போட்டாள், மீன் வைத்தாள், குழம்பு ஊற்றினாள். அவர் அடுத்த கேள்வியைத் தொடங்கினார், அப்பளம் வந்தது. கொலையைப் பற்றிக் கேட்டார், பால்கறி வந்தது. கேள்வியைப் பாதியில் கைவிட்டுவிட்டுத் தோற்றுப்போன மனிதராக அவர் சாப்பிடத் தொடங்கியபோது, ஒலிவாங்கி பிடித்தவரின் தோள்கள் குலுங்கின. அதோடு வெளிச்சமும் முடிந்தது. இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார்.

விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் மகளைப் பல்கனிக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக்கு உள்ளே நாங்கள் இருவரும் ஜன்னல் சீலையைச் சரிசெய்வதுபோல் நின்றோம். மகள் தலையாட்டினாள், பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்தினாள்.

“நிரந்தரமாம்,” என்றாள் உள்ளே வந்து. “தை மாசம் வடக்கை, துரொம்சோவில அடுத்த பகுதி எடுக்கினம். இடம் பார்க்கிற பொறுப்பு முழுக்க எனக்காம்.”

“துரொம்சோவிலயோ? அந்தக் குளிருக்கை என்ன சாப்பிடுவாய்?” என்று கேட்டபடியே மனைவி அழுதாள்.

கொண்டாடலாம் என்றால் பானைகளில் ஒன்றும் மிச்சமில்லை. குளிர்ப்பெட்டியில் கிடந்த பீட்சாவை அடுப்பில் வைத்தோம். தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகளின் கைபேசி அடித்தது. கம்பனியின் ஒஸ்லோ அலுவலகம். நேற்றுவரை அந்த அழைப்புகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவள், இன்று பீட்சாவைக் கடித்தபடி, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று நோர்வீஜிய மொழியில் சாவகாசமாகக் கதைத்தாள். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தோம்.