பஞ்சாமிர்தம் தராதே என்று கேட்டேன்

என் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வரலாம் என்று கிளினிக்கில் சொன்ன நேரம், என் சட்டைப் பைக்குள் கற்கண்டு இருந்தது. அடியார்களே, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். முருகன் எனக்குச் செய்ததைச் சொல்ல வந்தவன், நான் அவனுக்குச் செய்த கள்ளத்தை மறைத்தால் அது சரியில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வீடு வெள்ளவத்தையில். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. வேலை முடிந்தால் கோயில்தான். வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு பிரசாதம் கொடுக்கும் தொண்டு பதினொரு வருடமாக என் கையில் இருந்தது. சர்க்கரைப் புக்கை, மோதகம், அவல், பஞ்சாமிர்தம் என்று கிழமைக்கு ஒன்று.

ஒன்பது வருடமாக எனக்குச் சீனி வருத்தமும், அதுதான் நீரிழிவு, இருக்கிறது. என் மனைவி வசந்தி வீட்டில் தேத்தண்ணீருக்குச் சீனி போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். குளிசை மருந்துகளை நானும் ஒழுங்காகப் போட்டேன். ஆனால் பிரசாதத்தை மட்டும் விடவில்லை. "சுவாமிக்குப் படைச்சதில சீனி ஏறாது, வசந்தி" என்று சொல்லி அவளின் வாயை அடைத்துவிடுவேன். சாப்பிட்டது ஒரு கரண்டி இரண்டு கரண்டி அல்ல. அண்டாவின் அடியில் நெய்யும் சர்க்கரையுமாகப் பிடித்திருப்பதெல்லாம் தொண்டனுக்கு. வெள்ளி போதாதென்று செவ்வாய், சதுர்த்தி, சஷ்டி, கார்த்திகை. இவை போதாத நாளுக்குப் பையில் கற்கண்டு. அதுவும் பிரசாதம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடந்த ஆடியில் எங்கள் தேர் காலி வீதியால் போனது. நல்ல உச்சி வெயில். தார் வீதி கொதித்தது. வெறுங்காலோடு வந்த சனமெல்லாம் வீதியின் நடுவில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஓடி ஓடி நடந்தார்கள். நான் மட்டும் தாரின் மேலேயே ஆறுதலாக நடந்தேன். எனக்கு முன்னால் கனகசபை அண்ணை போனார். எங்கள் மாடிக் கட்டடத்தில் கீழ்வீட்டுக்காரர், அவருக்கும் சீனி வருத்தம். காலில் தடித்த காலுறை போட்டிருந்தார். எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"என்ன அண்ணை, முருகனிட்டச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாறியளோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் தேரைப் பார்த்தபடி நடந்தார்.

தேர் திரும்பி வந்து நின்றதும், "எனக்கு ஒரு பொட்டுச் சுடேல்லை. எல்லாம் அவன்ர அருள்" என்று கையை விரித்துச் சொன்னேன். ஒரு அம்மா என் கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டார். அன்றைக்கு நான் இருந்த இருப்பை இன்றைக்கு நினைத்தால் என்னையே கன்னத்தில் அறையலாம் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்து நடந்த இடமெல்லாம் தரையில் ஈரம். வசந்திதான் கண்டாள்.

"இஞ்சருங்கோ, காலில என்ன?"

தூக்கிப் பார்த்தேன். உள்ளங்காலின் முன்பக்கத் தோல் அப்படியே உரிந்து தொங்கியது. விரல்களுக்குக் கீழே பெரிய கொப்புளம் உடைந்திருந்தது. அவள் குளறி அழுதுவிட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயப்படாதையும். துண்டா நோகேல்லை, பாரும். இதுவும் அற்புதம்தான்" என்றேன். காயத்தில் திருநீற்றை அப்பிக்கொண்டு பத்து நாள் வேலைக்குப் போனேன். பதினோராம் நாள் காய்ச்சல் அடித்தது. சப்பாத்தைக் கழற்றியபோது வந்த மணத்தில் வசந்தி வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

கிளினிக்கில் எங்கள் மகள் வயதில் ஒரு டொக்டர் பிள்ளை. கையில் ஒரு நைலோன் நூல் வைத்திருந்தார்.

"கண்ணை மூடுங்கோ அங்கிள். நான் தொடுற நேரம் ஓம் எண்டு சொல்லுங்கோ."

மூடினேன். காத்திருந்தேன். "தொடங்குங்கோ டொக்டர்" என்றேன். கண்ணைத் திறந்தால், வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"பத்து இடத்தில தொட்டிட்டன், அங்கிள்" என்றார் டொக்டர். "வெயில் உங்களுக்குச் சுடாததுக்குக் காரணம் இதுதான். காலில உணர்ச்சி போயிட்டுது."

அந்த அறையில் எனக்குத் தலை நிமிரவில்லை. அருள் என்று ஊரெல்லாம் சொன்னேனே. டொக்டர் தொடர்ந்து கதைத்தார். கிருமி இரண்டு விரல்களுக்கு ஏறிவிட்டது. ஊசி மருந்து, இன்சுலின், நாளாந்தம் கட்டு. "சீனி இறங்காட்டிப் புண் ஆறாது. ரெண்டு கிழமை பாப்பம். இல்லாட்டி ரெண்டு விரலையும் எடுக்க வேணும். கிருமி இன்னும் மேல ஏறினா..." அதோடு நிறுத்திவிட்டார். வசந்தி அந்த மிச்சத்தைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுவாமி அறையில் படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தேன். "முருகா, என் காலைக் காப்பாற்று. கால் தப்பினால் ஆயுளுக்கும் இனிப்பைத் தொடமாட்டேன்." பின்னால் நின்ற வசந்தி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கால் தப்பினாப் பிறகோ இனிப்பை விடப்போறியள்? விட்டால்தானே கால் தப்பும்? முருகனோட புறக்கோட்டைச் சந்தையில பேரம் பேசுற மாதிரிக் கதைக்கிறியள்."

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் காலங்காலமாக நேர்த்தி வைப்பது அப்படித்தானே? முதலில் அவன் தரவேண்டும், பிறகு நாங்கள் செலுத்துவோம். அதைத் திருப்பிப் போட இவள் யார் என்று நினைத்தேன். அவளோடு அன்றைக்கு முழுதும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இனிப்பை விடுவது இலேசு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னேரம் நாலு மணிதான் என் கண்டம். நாலு அடித்தால் வாய் ஊறும், கை பரபரக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். பாகற்காய்க் கறியைக் கண்டு சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கற்கண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பேன், திரும்ப வைப்பேன். ஐந்து நாள் அப்படி ஓடியது.

ஆறாம் நாள் கட்டு மாற்றிவிட்டு வரும்போது, துணிக்கட்டு வாங்க வசந்தி மருந்துக் கடைக்குள் போனாள். என்னை வெளியே மர வாங்கில் இருத்தினாள். நாலு கடை தள்ளி இனிப்புக் கடை. நான் எப்படி எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. கட்டுப்போட்ட காலை இழுத்துக்கொண்டு போய், நின்ற நிலையில் இரண்டு லட்டுச் சாப்பிட்டேன். விரலையும் சூப்பினேன். அவள் வெளியே வருவதற்குள் திரும்பி வந்து இருந்துவிட்டேன்.

"என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"கால் நோகுது" என்றேன்.

உணர்ச்சியே இல்லாத கால். அவள் நம்பினாள். நம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள்.

அடுத்த நாள் காலையில் சீனி முந்நூறைத் தாண்டி நின்றது. வசந்தி இடிந்துபோய் இருந்தாள். "நான் தந்த குரக்கன் பிட்டிலயோ பிழை? தேங்காய்ப்பூக் கூடிப்போச்சோ?" என்று தன் சமையலையே தோண்டித் தோண்டிப் பார்த்தாள். மத்தியானம் எனக்கு வைத்த சோற்றைப் பாதியாக்கினாள். தானும் பாதிதான் சாப்பிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. டொக்டர் கணக்கைப் பார்த்து, "திங்கக்கிழமை முடிவெடுக்க வேணும், அங்கிள்" என்றார்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. வசந்தி என்னை முச்சக்கர வண்டியில் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். கட்டுக்கு மேலே பெரிய காலுறை. நான் பகிடி பண்ணிய அதே காலுறையோடு நானே வாசலைத் தாண்டினேன். கனகசபை அண்ணைதான் முதலில் கண்டார். என் காலைப் பார்த்தார். கதிரையை இழுத்து வந்து போட்டு, "இரும் தம்பி" என்றார். அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்தது.

பூசை முடிந்தது. அன்றைக்குப் பஞ்சாமிர்தம். நான் கதிரையில் இருந்ததால் ஐயரே பாத்திரத்தோடு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். வாழைப்பழமும் தேனும் நெய்யும் மணத்தது. கையில் வைத்த பிரசாதத்தை வேண்டாம் என்று நான் என் ஆயுளில் சொன்னதில்லை. சொல்வது பாவம் என்று வளர்ந்தவன். ஐயர் தந்தால் வாங்குவேன். வாங்கினால் சாப்பிடுவேன். சாப்பிட்டால் திங்கட்கிழமை விரல் போகும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் வாய் ஊறியது. அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது.

சன்னிதியைப் பார்த்தேன். பேரம் எதுவும் வரவில்லை. அழுகைதான் வந்தது. "முருகா, நீ தந்தால் என்னால் மறுக்க முடியாது. எனக்கு அந்தப் பலம் இல்லை. அதனால் நீ தராதே. இன்றைக்கு எனக்கு ஒன்றும் தராதே." வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் ஒன்றைத் தராதே என்று கேட்டேன்.

ஐயர் கனகசபை அண்ணையைக் கடந்தார். எனக்கு முன்னால் ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார். என் கை தானாக நீண்டுவிட்டது. ஆம், அப்படிக் கேட்ட பிறகும் நீண்டது. ஐயர் கரண்டியைப் பாத்திரத்துக்குள் விட்டார். கரண்டி அடியில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பவும் வழித்தார்.

"அட, முடிஞ்சு போச்சே!"

பதினொரு வருடம் அந்தப் பாத்திரம் என் கையில் இருந்தது. ஒரு நாளும் அது முடிந்ததில்லை. ஐயருக்கும் சங்கடமாகப் போய்விட்டது. உள்ளே போய், வேலின் நுனியில் குத்தியிருந்த தேசிக்காயை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இதைக் கொண்டு போங்கோ" என்றார். நான் தேசிக்காயைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். பஞ்சாமிர்தம் கிடைக்காததற்கு ஒரு மனிசன் இப்படி அழுவானா என்று ஐயர் நினைத்திருப்பார்.

கோயில் வாசலில் வைத்தே வசந்தியிடம் சொன்னேன்.

"உம்மட பிட்டில ஒரு பிழையும் இல்லை. நான் லட்டுத் திண்டனான்."

என் முகத்தைப் பார்த்து, "எத்தினை?" என்றாள்.

"ரெண்டு."

"வேற?"

பையிலிருந்த கற்கண்டை எடுத்து அவள் கையில் கொட்டினேன். பிரசாதத்தைக் குப்பையில் போட முடியாதே. அவள் அதை அரசமரத்தடியில் தூவிவிட்டு வந்தாள். "எறும்புக்குச் சீனி வருத்தம் வராது" என்றாள். முகம் அழுதிருந்தது, ஆனால் என் கையைப் பிடித்துத்தான் வண்டியில் ஏற்றினாள்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தேசிக்காயைப் பிழிந்து, தண்ணீரில் துளி உப்புப் போட்டுத் தந்தாள். சீனி இல்லை. பல் கூசியது, கண் சுருங்கியது. ஆனால் நாக்கு அடங்கியது. நாலு மணி கடந்து ஐந்தாகியது. அடுத்த நாளும் அப்படித்தான். ஆசை ஒரே நாளில் போகவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்குத் "தராதே" என்று கேட்டேன். அந்த ஒரு மணித்தியாலத்தை மட்டும் தாண்டினேன்.

திங்கட்கிழமை சீனி இறங்கியிருந்தது. டொக்டர் காலை நெடுநேரம் பார்த்தார். "இன்னும் ஒரு கிழமை தருவம்" என்றார். அடுத்த திங்களும் அதையே சொன்னார். சின்ன விரலின் ஓரத்தில் கொஞ்சம் சதையை வெட்டி எடுத்தார்கள். விரல்கள் இரண்டும் தப்பின. புண் முழுதாக மூட நாலு மாதம் சென்றது.

மாசி மாதம் ஒரு பின்னேரம். வசந்தி தனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். கால் தடுக்கி, கோப்பையிலிருந்து கொஞ்சம் என் வலது காலில் சிந்தியது.

"ஆ! சுடுது!"

அவள் துடைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னனீங்கள்? திரும்பச் சொல்லுங்கோ."

"சுடுது எண்டனான்."

கோப்பையை வைத்துவிட்டுத் தரையில் இருந்து, என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

பிறகு கிளினிக்கில் அதே நைலோன் நூல். கண்ணை மூடினேன். மூன்று இடத்தில் "ஓம்" சொன்னேன். சீனி அடங்கினால் சிலருக்கு இப்படிக் கொஞ்சம் திரும்பி வருமாம். டொக்டர் சிரித்துவிட்டு, உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "அதுக்காகச் செருப்பில்லாமல் ஓரடி வைக்கக்கூடாது" என்றார். தலையாட்டினேன். சீனியை அடக்கியது மருந்தும் வசந்தியும் என்று எனக்குத் தெரியும். லட்டைத் தேடிப் போன கையை அடக்கியது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது திரும்பவும் வெள்ளிக்கிழமைப் பிரசாதம் நான்தான் கொடுக்கிறேன். பக்கத்தில் ஒரு தட்டில் தேசிக்காய்களை ஐயர் வைத்துவிடுவார். சீனி வருத்தக்காரர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். "உங்களுக்குத் தேசிக்காயோ?" என்று கேட்பேன். முறைத்துக்கொண்டு வாங்குபவர்களும் உண்டு. நானும் அப்படி முறைத்தவன்தான்.

வரும் ஆடியில் தேர் போகும்போது நானும் கனகசபை அண்ணையும் காலுறையும் செருப்பும் போட்டுக்கொண்டு, வீதி ஓரத்தில் சேர்ந்து நடப்போம் என்று கதைத்து வைத்திருக்கிறோம். பகிடி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். அன்று கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கால் சுடுகிறதா? துள்ளித் துள்ளி ஓடுங்கள், ஓடிக்கொண்டே முருகனுக்கு நன்றி சொல்லுங்கள். சுடவில்லையா? அருள் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். அந்த இடத்திலேயே என்னிடம் வாருங்கள். நானே உங்களை அந்த டொக்டர் பிள்ளையிடம் கூட்டிப்போகிறேன்.